அப்பாவுக்கு இரண்டாவது டேக்

அப்பா செத்துப்போனது ஒரு இந்திப் படத்துக்காக. அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

பழிவாங்கும் படம். நிலத்துக்காகத் தன் அப்பாவைக் கொன்ற நாற்பது பேரை ஹீரோ ஒற்றைக் கோடாலியால் சாய்ப்பான். அந்த அப்பாவின் சாவை எடுக்க எங்கள் பூண்டிக்கு வந்தார்கள். காலேஜில் இங்கிலீஷ் படித்தவள் என்று, யூனிட்காரர்கள் சொல்வதை ஊருக்குச் சொல்ல என்னை வைத்துக்கொண்டார்கள். பிணமாகப் படுக்க அப்பா தண்டாயுதபாணி தானே கை தூக்கினார். படுத்துக்கொண்டே செய்கிற வேலை எங்கள் ஊரில் வேறு கிடையாது.

ஹீரோ வரவில்லை. அவனுக்குப் பதிலாக முதுகைக் காட்டி நடிக்க வந்த டூப்புக்குக் குளிர்க் காய்ச்சல். அதனால் என் சித்தப்பா ஞானவேலுக்கு ஹீரோ சட்டையை மாட்டிவிட்டார்கள். எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்றார் டைரக்டர். எங்கள் ஊருக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. பேர் தெரியாத பிணத்துக்கு ஒப்பாரி வராது என்று பெண்கள் அப்பா பேரைச் சொல்லியே அழுதார்கள். நாட்டாமை ஜெயமுருகன் முன்னால் நின்று ஒவ்வொரு சடங்கையும் நடத்தினார். சித்தப்பா தண்ணீர்க்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி உடைத்தார்.

மறுநாள் வெள்ளனே, எங்கள் பூண்டுத் தோட்டத்துக்கு வரவேண்டிய ஓடைத்தண்ணீர் சித்தப்பாவின் உருளைக்கிழங்குக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. கேட்டால், குடம் உடைத்தவனுக்குத்தானே தண்ணீர் முறை என்றார். எங்கள் ஊர்ச் சட்டம் அதுதான். செத்தவருக்குக் குடம் உடைக்கிற வாரிசுக்கு அவருடைய தண்ணீர் முறை போய்ச் சேரும். பூண்டு திரளுகிற நேரம். இப்போது தண்ணீர் தவறினால் வெறும் தாளைத்தான் அறுக்கலாம்.

அப்பாவையே சாட்சியாகக் கூட்டிக்கொண்டு நாட்டாமையிடம் போனேன். அவர் அப்பா பக்கம் திரும்பாமலே என்னிடம் பேசினார்.

"சடங்குல ஒரு கொறை இல்ல தாயி. நானே நின்னு செஞ்சேன். சாவு ஒண்ணுதான் பாக்கி. அது இன்னிக்கில்லாட்டி நாளைக்கு வரும்."

"இந்தா நிக்கிறாருல்ல?"

"நிக்கட்டும். யாரு வேணாம்னா?"

டீக்கடைக்காரர் அப்பா முன்னால் கிளாஸை வைத்துவிட்டு, படையல் போட்டதுபோலத் தள்ளி நின்று கும்பிட்டார். அப்பாவுக்கு அது பிடித்துவேறு போய்விட்டது, யாரும் சோலி சொல்வதில்லையே. அம்மா சிவபாக்கியம்தான் செத்தும் இந்த ஆளுக்கு மூணு வேளை சோறு கேட்கிறதென்று ஏசினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆம்பளை வாரிசு இல்லாத அண்ணனுக்குத் தான்தான் வாரிசு என்று சித்தப்பா அதே டீக்கடையில் விளக்கிக்கொண்டிருந்தார். மகள் என்று ஒருத்தி எதிரிலேயே குத்துக்கல்லாக நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் உதவி டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, எடுத்ததைக் காட்டினான். மானிட்டரில் சித்தப்பா குடத்தை உடைக்கிறார், நடக்கிறார், திடீரென்று திரும்பிக் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார். முதுகு நடிக்க வேண்டிய இடத்தில் மூஞ்சி. இன்னொரு தடவை எடுத்தாக வேண்டும் என்றான்.

நான் ஓடிப்போய் நாட்டாமையை இழுத்துவந்து மானிட்டர் முன்னால் உட்காரவைத்தேன். குடம் உடைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சடங்கு செல்லாது. அவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பல்லைக்கூட எண்ணியிருப்பார்.

"செல்லாதுதான்."

"அப்ப எங்கப்பா உயிரோட இருக்காரு."

"அவசரப்படாத தாயி. சடங்குதான் செல்லாது. பொணம் அப்படியே கெடக்கு. வெரசா எடுத்துருவோம்."

குடத்தை நான் தூக்குகிறேன் என்றேன். பொம்பளப் புள்ள குடம் தூக்கிய வழக்கம் இல்லையே என்று இழுத்தார். சட்டை ஆம்பளைச் சட்டைதானே என்றேன். அவர் ஊர் வழக்கங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். ஊர்ச் சட்டத்தில் சட்டையைப் பற்றி ஒன்றும் இல்லை. டைரக்டருக்கு ஏதோ ஒரு முதுகு கிடைத்தால் போதும்.

அப்பா மறுபடி படுத்தார். மூக்கில் பஞ்சை நான்தான் வைத்தேன், இருந்த கோபத்தில் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன். ஹீரோ சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, குடத்தைச் சுமந்து சுற்றினேன். உடைத்தேன். நடந்தேன்.

"ஏ புள்ள, சட்டை கிழிஞ்சிருக்கு" என்றார் சித்தப்பா பின்னாலிருந்து.

நடந்தேன்.

டைரக்டர் கூப்பிடுகிறார் என்றார். நடந்தேன். அப்புறம் சித்தப்பா குரல் மாறியது.

"உங்கப்பனுக்கு மூச்சு வரலடி. திரும்பிப் பாரு."

ஒப்பாரி சட்டென்று நின்றுவிட்டது. பொய்ச் சாவுக்கு அவ்வளவு சத்தமாக அழுதவர்கள் ஏன் வாயை மூடினார்கள்? என் கால் மண்ணில் ஊன்றி நின்றுவிட்டது. கழுத்து தானாகத் திரும்பப் போனது. திரும்பினால் பூண்டு போச்சு. அப்படியே செத்திருந்தாலும் சடங்குக்குக் குறை வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு காலைப் பிடுங்கி நடந்தேன். யாரோ கட் என்று கத்தினார்கள். கட் சொன்னால் திரும்பலாம் என்றும் ஊர்ச் சட்டத்தில் இல்லை.

நேராக ஓடைக்குப் போனேன். சித்தப்பா அடைத்திருந்த மண்ணைக் காலாலேயே உதைத்து மடையைத் திறந்தேன். தண்ணீர் எங்கள் தோட்டத்தின் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. பின்னால் யாரோ மூச்சிரைக்க வந்து நின்று மூக்கைச் சீந்தினார்கள்.

"மேத்தட்டுக்கு நான் தண்ணி கட்டிவிடவாம்மா?" அப்பாதான். "மொறை இப்ப ஒன்னோடதுல்ல. அதான் கேட்டேன்."

கரையில் கிடந்த சித்தப்பாவின் மண்வெட்டியை எடுத்து, திரும்பாமலே பின்னால் நீட்டினேன்.