காட்டுப்பன்றி குத்திய தழும்பு

மலைமேல் இருந்த சின்ன ஆஸ்பத்திரியின் அந்த அறையில் இருந்தது நாலு பேர். ஜன்னலோரக் கட்டிலில் செங்கோடன், நினைவு பாதி பிதற்றல் பாதியாகக் கிடந்தான். கால்மாட்டில் அவன் மனைவி பெருமாயி. கதவை ஒட்டிய ஸ்டூலில் அவன் அண்ணன் கருப்பண்ணன். மேசைக்குப் பின்னால் டாக்டர் வித்யாஸ்ரீ.

நேற்றுச் சாயங்காலம் வந்த காய்ச்சல். கசாயத்தைக் குடித்துவிட்டு, "குச்சிக்கிழங்குக்கு மண்ணணைக்கோணும், வெள்ளனே எழுப்பி உடு" என்று படுத்தவன்தான். விடிந்தபோது விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தது.

வயிற்றுத் தழும்பைப் பார்த்ததுமே டாக்டர் கேட்டிருந்தார், ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று.

"காட்டுப்பன்னி குத்துனதுங்க, கல்யாணத்துக்கு முந்தி. கிழிஞ்ச வயித்தை வேட்டியில கட்டிக்கிட்டு நடந்தே வந்தாருங்க. செத்தது பன்னிதான்." அந்த நேரத்திலும் பெருமாயியின் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

இப்போது டாக்டர் மைக்ராஸ்கோப்பில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"சிவப்பணுவுக்குள்ள கருநீலமாப் புள்ளி நிக்குதும்மா, நிறைய அணுவுல. அந்தத் துணுக்கை மண்ணீரல்தான் சுத்தம் பண்ணும். இவருக்கு மண்ணீரலே இல்ல. யாரோ ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்காங்க."

பெருமாயி திரும்பினாள். கருப்பண்ணன் தோள் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"மொளகு பறிக்க ஏறி மரத்துலேர்ந்து உழுந்துட்டான் அம்மிணி. மலைக்குக் கீழ கொண்டுபோய் மண்ணீரலை எடுத்தாங்க. தடுப்பூசி போடோணும், காய்ச்சல்னா அப்பவே ஓடியாரோணும்னாங்க. அடுத்த மாசம் உன்னயப் பொண்ணு பாக்க வந்தோம். மரமேறத் தெரியாம உழுந்தவனுக்கு உங்கப்பன் பொண்ணு குடுப்பாரா?"

"அப்ப பன்னி?"

"பன்னியே இல்ல."

"அந்தப் பன்னியச் சொல்லித்தான மாமா எம் புள்ளைங்களுக்குச் சோறூட்டுனேன்." அவள் குரல் உடைந்தது. "ராத்திரி சொல்லியிருந்தாத் தூக்கிட்டு ஓடியாந்திருப்பனே. கசாயம் வெச்சுக் குடுத்தனே."

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"பொழைப்பாருங்களா டாக்டரம்மா?"

"மருந்து ஏறிட்டிருக்கு. மண்ணீரல் இல்லாததால கிருமி ஒரே ராத்திரியில ரத்தம் பூராப் பரவிடுச்சு, பிரஷர் ஏறவே மாட்டேங்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். மலைப்பாதையில எழுபது வளைவு எறங்கணும். நம்பிக்கை சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்லம்மா."

டாக்டர் கடிதம் எழுத ஆரம்பித்தார். பெருமாயி எழுந்து மேசையருகே போய் நின்றாள்.

"நான் சொன்னதை எழுதிராதீங்க. மரத்துலேர்ந்து உழுந்தாருன்னே எழுதுங்க."

"அப்படித்தாம்மா எழுதியிருக்கேன்."

காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்து ஓரத்தை ஒட்டினார். உள்ளே வந்த ஆம்புலன்ஸ்காரர் அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார்.