நாலு பேருக்கான மரவீடு

பவளம் அந்த மரவீட்டை வாடகைக்கு எடுத்ததே அது சின்னது என்பதற்காகத்தான். ஜேர்மனியின் சவர்லாண்ட் காட்டுக்குள், ஏரிக்கரையில், மொத்தம் நாலு கட்டில். அவள், கணவன் ஆனந்தராசா, மகள் சுபானி, மகன் சேயோன். ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. அவர்கள் இருக்கும் ஹம் நகரிலிருந்து காரில் ஒன்றரை மணித்தியால ஓட்டம். ஹனோவரிலிருந்து வருவதென்றால் நல்ல தூரம். அதையும் அவள் பார்த்துத்தான் வைத்திருந்தாள்.

ஹனோவரில் இருப்பவள் வசுந்தரா. ஆனந்தராசாவின் தம்பி ராகவேந்திரனின் மனைவி, சுபானிக்குச் சித்தி. சுபானி செப்டெம்பரில் அங்கே படிக்கப் போகிறாள், தங்கப்போவதும் சித்தி வீட்டில்தான். அதற்கு முன்னர் ஒரே ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், மகள் தனக்கு மட்டும் வேண்டும் என்று பவளம் ஆசைப்பட்டாள். இதில் என்ன பிழை? பதினெட்டு வருடம் சோறு தீத்தி வளர்த்தவள் இவள். ஆனால் பிள்ளை வாயைத் திறந்தால் சித்தி இப்படிச் சொன்னா, சித்தி அப்படிச் செய்வா. கேட்டுக் கேட்டுப் பவளத்துக்கு வயிறெரிந்தது.

சனிக்கிழமை பின்னேரம் பெட்டிகளைப் பிரிக்க முன்னமே வாசலில் இன்னொரு கார் வந்து நின்றது. ராகவேந்திரன், வசுந்தரா, அவர்களின் இரட்டைப் பொடியன்கள், காற்றடிக்கும் மெத்தைகள், ஒரு பெரிய சோற்றுப் பானை.

“நாலு பேருக்கெண்டுதானே கையெழுத்து வைச்சது?” என்று பவளம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“அது அவையளின்ர சட்டம். நிலத்தில படுத்தா எட்டுப் பேர் படுக்கேலாதே?” என்றார் ஆனந்தராசா. மனிசன் தம்பியைக் கண்ட புளுகத்தில் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

வசுந்தரா வந்த கையோடு அடுப்படிக்குள் புகுந்தாள். சுபானி பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தாள். வீட்டில் ஒரு நாளும் வெங்காயத்தைத் தொட்டறியாத பிள்ளை! இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். பவளம் உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. அது போதும், அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்காரி அடுப்புக்கு விறகு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். அதை நினைத்துப் பயந்தவள் வசுந்தராதான்.

“அக்கா, அந்த மனிசி வரேக்கை நாங்கள் காரையும் எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போய் நிக்கிறம். வாசலில கழட்டி வைச்சிருக்கிற எங்கட சப்பாத்துகளை மட்டும் உள்ளுக்கை எடுத்து வைப்பமே?”

“சப்பாத்தை வீட்டுக்குள்ளயோ? அம்மன் படத்தை வைச்சு விளக்குக் கொளுத்தியிருக்கிறன்,” என்றாள் பவளம். ஹம்மில் இருக்கும் ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் வாங்கிய படம். விளக்கு உண்மையாகவே எரிந்தது. ஆனால் அவள் அந்தப் பதிலைச் சொன்னது அம்மனுக்காக இல்லை, அது அவளுக்கே தெரியும். எதிர்த்துப் பேசத் தெரியாத வசுந்தரா, வேறு செருப்பை மாட்டிக்கொண்டு தன் குடும்பத்தோடு போய்விட்டாள்.

வீட்டுக்காரி விறகை அடுக்கினாள். பிறகு குனிந்து, வாசலில் கிடந்த சப்பாத்துகளை விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணினாள். எட்டுச் சோடி. ஒப்பந்தத்தில் நாலு பேர். மிச்சப் பேர் மத்தியானத்துக்கு முன் போக வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் போக வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பவளம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். உள்ளுக்குள் சந்தோசம் தாங்கவில்லை. வழியில் சாப்பிடச் சொல்லி, தானே முன்னின்று அவர்களுக்குப் புட்டுக் கட்டிக் கொடுத்தாள். சம்பல்கூடக் கொஞ்சம் கூடவே வைத்தாள்.

கார் வெளிக்கிடும் நேரம் சுபானி தன் பையோடு படியிறங்கி வந்தாள்.

“நீ எங்கை?”

“சித்தியோட. எப்பிடியும் போறதுதானே, கொஞ்சம் முந்திப் போறன்.”

“வேண்டாம் பிள்ளை, அம்மாவோட நில்லு,” என்றாள் வசுந்தரா. சுபானி கேட்கவில்லை. தாயை நேராகப் பார்த்தாள்.

“சப்பாத்தை ஏன் எடுக்க விடேல்லை எண்டு எனக்கு விளங்காதே அம்மா? அவையை வரச் சொன்னது அப்பா இல்லை. நான்.”

“நீயோ? ஏன்?”

“சித்தி வீட்டு வாசல்படியை நீங்கள் மிதிக்கமாட்டியள். ஒரு கிழமை சேர்ந்து சமைச்சுச் சாப்பிட்டா மாறுவியள் எண்டு நினைச்சன். மாதத்தில ஒருக்கா எண்டாலும் அங்க வந்து என்னோட நிப்பியள் எண்டு. உங்களைப் பாக்காமல் என்னால இருக்க ஏலாது எண்டு சித்திக்குக்கூடத் தெரியும்.”

சுபானி போய்ப் பின் சீட்டில் இரட்டையர்களுக்கு நடுவில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

கார் போன பிறகு பவளம் மூன்று தரம் போனில் அழைத்தாள். சுபானி எடுக்கவில்லை. ஆனந்தராசா விறகுக்குப் பக்கத்தில் ஒன்றும் விளங்காமல் நின்றார்.

“வசுவின்ர நம்பரைத் தாங்கோ,” என்றாள் பவளம்.

வசுந்தரா அந்தக் குடும்பத்துக்குள் வந்து பன்னிரண்டு வருடம். பவளம் அவளின் நம்பரைக் கேட்டது அன்றுதான் முதல்தரம்.