வெள்ளிக்கிழமைக் காக்கைகள்

வியாழக்கிழமை சாயங்காலம் எதிராஜ் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டையைக் கனைத்தபோதே, ஏதோ சங்கடமான விஷயம் கேட்கப் போகிறான் என்று தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன், பஸ் டிப்போவில் மெக்கானிக். சாதாரணப் பேச்சென்றால் முன்வாசல் வழியாக வருவான்.

“ஆன்ட்டி, நாளைக்கு அம்மாவுக்கு வருஷ தெவசம்.”

“லட்சுமம்மா போயி அதுக்குள்ள ஒரு வருஷம் ஆயிடுச்சாப்பா?”

“ஆமா. நாளைக்கு ஒருநாள் மட்டும் காக்காவுங்களுக்கு ஒண்ணும் போடாதீங்க ஆன்ட்டி. உங்க வூட்டுல துன்னுட்டு எங்க எலையாண்ட வரமாட்டேங்குதுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் நீலசந்திரா ஏரியாவில் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு மண் வைத்திருப்பவர்களே குறைவு. மற்றவர்கள் அதிலும் ஒரு ரூம் எழுப்பி வாடகைக்கு விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஒரு முருங்கை மரம், துணி துவைக்கிற கல், உடைந்த மண்சட்டியில் தண்ணீர், பழைய அலுமினியத் தட்டில் நொய்யரிசி. விடிந்ததும் சிட்டுக்குருவி வரும், பிறகு ஒரு மைனா ஜோடி, முருங்கை பூத்தால் கொண்டைக்குருவி. ஊரில் குருவியே குறைந்துபோச்சு என்று எல்லாரும் புலம்புகிறார்கள். இருக்கிற நாலு குருவியையாவது பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கிடந்து அல்லாடினால், இவன் சுவரேறி வந்து எனக்குச் சட்டம் சொல்கிறான்.

“நான் எங்கப்பா காக்காவுக்குப் போடறேன்? குருவிக்குப் போடறத அதுங்க வந்து புடுங்கினு போவுது,” என்றேன்.

அது முழு உண்மை இல்லை. காக்கைக்கும் போடுகிறேன். என் வீட்டுக்காரர் கிளாரன்ஸ் படுத்த படுக்கையாக இருந்த நாட்களில் எப்படியோ ஆரம்பித்த பழக்கம் அது. எப்படி என்று நான் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மீன்தான். பழைய கத்தோலிக்கக் குடும்பம், தவக்காலத்துக்கு மட்டும் என்றில்லை, வருஷம் முழுக்க அப்படித்தான். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து, வாலையும் குடலையும் சுவர்மேல் வைப்பேன். லட்சுமம்மா இருந்தவரை மீன் மண்டை மட்டும் அவருக்கு. குழம்பில் போட்டுக் கிண்ணத்தோடு சுவருக்கு மேலே நீட்டுவேன். அவர் போன பிறகு மண்டையும் காக்கைக்கே போயிற்று. மாதாகோயில் மணி அடிக்கிறதோ இல்லையோ, வெள்ளிக்கிழமை எது என்று காக்கைகளுக்குத் தெரியும்.

எதிராஜ் நகரவில்லை. “பதினாறாம் நாளும் வரல ஆன்ட்டி. பாத்துப் பாத்து, கடசில மாட்டுக்கு வெச்சோம். நாளைக்கும் வரலன்னா அம்மா என்மேல கோவமாத்தான் போனாங்கன்னு ஆயிடும்.” கண் கலங்கியிருந்தது.

என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. “சரிப்பா, போடல,” என்றேன்.

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலையில் குருவித் தட்டைக்கூடக் கவிழ்த்து வைத்தேன். மீனைச் சமையலறைக்குள்ளேயே ஆய்ந்ததில் வீடெல்லாம் நாற்றம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்த என் மகள் கேரல், “மம்மி, இது வீடா ஃபிஷ் மார்க்கெட்டா?” என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மண்டைகளை வீணாக்க மனமில்லாமல் குழம்பிலேயே போட்டேன். வாலையும் குடலையும் பொட்டலம் கட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். பின்கதவைச் சாத்திவிட்டு ஜன்னலண்டை நின்றேன்.

எதிராஜ் தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு வந்து, அவன் வீட்டு மாடிப்படிக் கட்டைச்சுவர்மேல் இலை வைத்தான். சாதம், பருப்பு, வடை, வாழைக்காய், பாயசம். கும்பிட்டுவிட்டு, “கா, கா” என்று கூப்பிட்டான்.

காக்கைகள் வராமல் இல்லை. கூட்டமாகவே வந்திருந்தன. ஆனால் அத்தனையும் என் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து என் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு காலில் விரல் இல்லாத கிழட்டுக் காக்கை ஒன்று மட்டும் அவன் இலைவரைக்கும் போயிற்று. தலையைச் சாய்த்து வடையைப் பார்த்தது. திரும்பி வந்து என் சுவரிலேயே உட்கார்ந்துகொண்டது.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இதுகளுக்குப் பசி வந்தும் ருசி பறக்கவில்லை. எல்லாம் நான் கெடுத்து வைத்த நாக்கு. என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

வெயில் ஏறிவிட்டது. காக்கை தொடாமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. உள்ளே பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்தன. லட்சுமம்மாவின் தம்பி முனிராஜ் பொம்மனஹள்ளியிலிருந்து வந்திருந்தார். அவர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, “அக்கா மனசுல கொறையோடத்தான் போயிருக்குது. இல்லன்னா ஏன் வரல?” என்றார். எதிராஜ் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். என்னைக் கண்டதும் காக்கைகள் ஒரே கூச்சல்.

“எதிராஜ், இங்க வா. பெத்த புள்ளமேல உங்கம்மாவுக்கு இன்னாப்பா அப்படி ஒரு கோவம்?”

சுவரண்டை வந்து நின்றான்.

“கடசி நாள் ராத்திரி மீன் கொழம்பு கேட்டாங்க ஆன்ட்டி. டாக்டர் உப்பு, காரம் எதுவும் கூடாதுன்னுட்டார். நான் டூட்டி முடிச்சி வந்த எரிச்சல்ல, ‘வாய மூடிக்கினு படு, உயிர வாங்காத’ன்னுட்டேன். விடிகாலைல எழுப்பறேன், அசையல. அதான் அவங்ககிட்ட நான் பேசின கடசி வார்த்த.”

ஒரு வருஷமாக இதை வைத்துக்கொண்டுதான் இவன் தினமும் டிப்போவுக்குப் போய் வந்திருக்கிறான்.

‘உங்கம்மாவுக்குக் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. இது நான் மீன் போட்டுப் பழக்கிய காக்கை’ என்று சொல்லியிருக்கலாம். அதுதான் நிஜம். ஆனால் வராத காக்கையில் அவன் அம்மாவின் கோபம் இல்லை என்றால், வருகிற காக்கையில் அம்மாவும் இல்லை என்றாகிவிடும். வெறும் காக்கை, வெறும் பசி. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? நான் அதைச் சொல்லவில்லை.

“இரு வரேன்,” என்று உள்ளே போனேன். பழைய கிண்ணத்தில் இரண்டு மண்டையைப் போட்டு, மேலே குழம்பை ஊற்றிக் கொண்டுவந்து சுவர்மேல் வைத்தேன். “கேட்டதக் குடுக்காம வட சுட்டு வெச்சா எந்த அம்மா வருவாங்க? எடுத்துனு போ.”

முனிராஜ் ஓடி வந்தார். “தெவசத்துல கவிச்சியா? அதுவும் வேற வூட்டுலேந்தா? வேணான்டா, குத்தமாயிடும்.”

எதிராஜ் கிண்ணத்தைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். “அம்மா கேட்டது இதான் மாமா,” என்று எடுத்துக்கொண்டு போனான்.

இலையில் வடைக்குப் பக்கத்தில் மீனை வைத்து, “துன்னும்மா,” என்றான். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. அவன் இரண்டு படி இறங்குவதற்குள் அந்தக் கிழட்டுக் காக்கை பாய்ந்து ஒரு மண்டையைக் கவ்வியது. அது பின்னாலேயே மற்றதெல்லாம் இறங்கின. மீன் போனது, சாதம் போனது, வடையையும் விடவில்லை. முனிராஜே கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதிராஜ் மாடிப்படியில் உட்கார்ந்து விசித்து விசித்து அழுதான். அவன் சம்சாரம் தேவகி வந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

பிறகு கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்தவன் போகவில்லை.

“ஆன்ட்டி, அது அம்மாதான?”

நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். செத்தவர்கள் ஆண்டவரிடத்தில் இருக்கிறார்கள், முருங்கை மரத்தில் இல்லை என்று சின்ன வயதிலேயே ஞானோபதேசத்தில் படித்தவள்.

“பின்ன யாரு?” என்றேன். “மொதல்ல மண்டையத் தூக்கறது உங்கம்மாவ விட்டா வேற யாருப்பா?”

அவன் சிரித்துவிட்டான். ஒரு வருஷத்தில் அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பந்தி முடிந்து அந்த வீடு அடங்கியதும் நான் குருவித் தட்டை நிமிர்த்தி நொய்யைப் போட்டுவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். விரல் இல்லாத காக்கை திரும்பவும் வந்து சுவரில் நின்று என்னைப் பார்த்துக் கத்தியது.

“அவ்ளோ துன்னுட்டு இன்னும் இன்னா?” என்று அதட்டினேன். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

கிளாரன்ஸின் கட்டில் இந்த ஜன்னலோரம்தான் கிடந்தது. கடைசி நாட்களில் அவருக்குப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் காலையில் காக்கை ஒன்று விடாமல் கத்த, அவர் தூக்கம் கெடுமே என்று நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் தலையைத் திருப்பி, “தொரத்தாத டோரதி. பசிக்குது போல. ஏதாச்சும் போடேன்,” என்றார். அவர் தின்ன முடியாமல் வைத்திருந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவே இல்லை.

கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோவதுதான் அவருக்கு நான் செய்வது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், குப்பைக்கூடையிலிருந்த பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்துச் சுவர்மேல் வைத்தேன்.

“துன்னு,” என்றேன் காக்கையிடம். “எங்க வூட்டுக்காரர் போடச் சொல்லிட்டுப் போயிருக்கார்.”