நித்திரைச் செடி

யோகராணிக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரேயொரு முழு நித்திரை. நகை வேண்டாம், தொரன்டோவில் இருக்கிற மகள் நிருஷா வா வா என்று கூப்பிடுகிற விடுமுறையும் வேண்டாம். தலையணையில் தலை வைத்தால் விடியும்வரை ஒருவரும் தட்டி எழுப்பக் கூடாது. கேட்டது அவ்வளவுதான். அதுகூட ஒரு வருஷத்துக்கு மேலாக ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

கணவர் பேரின்பநாதனுக்குப் புற்றுநோய் மாறிச் சுகமாகிவிட்டது. ஆனால் கீமோ மருந்து போகிற போக்கில் நரம்புகளைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. பாதம் இரண்டும் எரியும். கைவிரல்கள் மரத்துவிட்டன, எதைப் பிடித்திருக்கிறார், எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். எரிவு இரவில் கூடும். கூடினால் மனிதர் தனியே கிடந்து எரிய மாட்டார். "இஞ்சேர், முழிப்பே?" என்று கேட்பார். நித்திரையில் இருப்பவளும் அதைக் கேட்டு முழிக்கத்தானே வேண்டும்.

வைத்தியர் கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்தார். முதல் போத்தல் இருந்தவரைக்கும் பேரின்பநாதன் குறட்டை விட்டு உறங்கினார். யோகராணிக்கு அந்தக் குறட்டை நாதஸ்வரமாகக் கேட்டது. ஆனால் போத்தலுக்குமேல் போத்தல் வாங்கக் கட்டுபடியாகவில்லை. கியூபெக் மாகாணத்தில் வீட்டில் கஞ்சா வளர்க்கக் கூடாது. நோயாளி என்று ஒட்டாவாவில் மத்திய அரசிடமிருந்து அனுமதி எடுத்தால் வளர்க்கலாம். எடுத்தார்கள். லாசாலில் அவர்கள் வாங்கியிருந்த மூன்றாம் மாடி வீட்டில், நிருஷா இருந்த அறையின் சுவரலமாரிக்குள் ஒரு சாடி வந்தது. உடுப்புக் கொளுவும் தடியில் விளக்கொன்று தொங்கியது. சாடிக்குள் ஒரு செடியும், செடிக்குள் யோகராணியின் நித்திரையும் வளரத் தொடங்கின.

வளர்ந்தது என்றால் கொஞ்சநஞ்சமா? விளக்கை முட்டப் பார்த்தது. பேரின்பநாதன் நாள் முழுக்கத் தொலைபேசியில் வீடியோ பார்த்து அதற்கும் வழி கண்டுபிடித்தார்.

"வெட்டத் தேவையில்லை. நோகாமல் வளைச்சுக் கட்டோணும். அஞ்சு கணு வந்த உடனை தொடங்கோணுமாம். தலையைச் சரிச்சு விட்டால் பக்கக் கிளையளுக்கும் வெளிச்சம் படும். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வரும்."

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று யோகராணி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அறுபத்துமூன்று வயதில் ஒருவர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு தேநீர்க் கோப்பையைக் கழுவி வைக்க வளையாதவர்.

மரத்த விரலால் முடிச்சுப் போட முடியுமா? அதனால் அவர் கதிரையில் இருந்து சொல்வார், இவள் நிலத்தில் இருந்து கட்டுவாள். பழைய வேட்டிக் கரையைக் கிழித்து நாடா. சாடியின் விளிம்பில் சுற்றிவரத் துளை. முதலில் அடித்தண்டை ஒரு பக்கம் கட்டி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். பிறகு நுனியை எதிர்ப் பக்கம் மெல்லச் சரித்து இன்னொரு நாடா. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கட்டினால் தண்டு விறைப்பில்லாமல் வளையும். இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்தால், கவிழ்த்த தலையைச் செடி தானாகவே நிமிர்த்தியிருக்கும். மறுபடியும் இன்னும் கொஞ்சம் கீழே கட்ட வேண்டும்.

"மெல்ல, மெல்ல," என்பார் பேரின்பநாதன். "அதுக்கு நோகக் கூடாது. பொறுத்துப் பொறுத்துத்தான் இழுக்கோணும்."

விடிய நாலரைக்கு எழும்பி, இரண்டு பஸ் பிடித்துப் புவாண்ட்-கிளேர் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்தவள் அதைக் கேட்டுக்கொண்டே கட்டினாள். செடிமேல் பொறாமை வருமென்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். வந்தது. அந்த மனிதர் அவளிடம் ஒருநாளாவது மெல்ல என்று சொன்னதில்லை.

சனிக்கிழமைத் தொல்லை தனி. வருத்தக்காரரைப் பார்க்க வருவது எங்கள் சனத்தின் நல்ல குணம். வந்தால் எழும்பாதது மற்றக் குணம். ஹோர்லிக்ஸ் போத்தலும் திராட்சைப் பழமுமாக வருவார்கள். பேரின்பநாதன் கோயில் சபையில் பொருளாளராக இருந்தவர். வாசலுக்கு வந்தவரைத் தேநீர் இல்லாமல் அனுப்பியவர் என்று பெயர் எடுக்க மாட்டார். கஞ்சா வளர்க்கிறவர் என்ற பெயரோ அதைவிடப் பயங்கரம். எனவே மணி அடித்ததும் யோகராணி அறைக் கதவைப் பூட்ட வேண்டும், செடியின் மணத்தை மறைக்கச் சாம்பிராணி போட வேண்டும், வடைக்கு எண்ணெய் வைக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் சோறும் அவள்தானே ஆக்க வேண்டும்!

"உங்கடை வீட்டிலை எப்பவும் கோயில் மணம், அக்கா," என்று கோயில் சபையில் அவரோடு இருந்த கணேசலிங்கத்தின் பெண்சாதி சிவநேசம் போன கிழமையும் மெச்சினாள். புரோசார்டிலிருந்து காரில் வருகிறவர்கள். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் அவர்களுக்கு வீட்டு ஞாபகம் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை யோகராணிக்குக் கை தூக்க முடியவில்லை. "இண்டைக்கு நாடா மாத்தோணும்," என்றார் அவர். "நாளைக்குப் பாப்பம்," என்றுவிட்டுப் படுத்தாள். இரவு வழக்கம்போல, "முழிப்பே?" விடிந்தால் சனிக்கிழமை மேலதிக வேலை. வேலைத்தலத்தில் நிற்கும்போது கணேசலிங்கம் தொலைபேசி எடுத்து, பின்னேரம் ஐந்து மணிக்கு இருவரும் வருவதாகச் சொன்னார். வாங்கோ என்றாள். வேறென்ன சொல்வது?

மூன்றரைக்குக் கதவைத் திறந்தால் வீடு சத்தமில்லாமல் கிடந்தது. கதிரையில் ஆளைக் காணவில்லை. யோகராணி பையை வைக்காமலே, "எங்கை நிக்கிறியள்?" என்று கூப்பிட்டாள்.

"இஞ்சையப்பா, இஞ்சை!"

நிருஷாவின் அறையில் அவர் அலமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். ஒரு கால் மடங்கி, மற்றது நீட்டி. இரண்டு கையாலும் செடியின் தண்டைப் பொத்திப் பிடித்திருந்தார். முகம் வெளிறி வியர்த்திருந்தது.

"முறிஞ்சு போச்சு," என்றார். "நானே கட்டுவம் எண்டு பாத்தனான். எவ்வளவு இழுக்கிறன் எண்டு விரலுக்குத் தெரியேல்லை. சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சது."

"எப்ப?"

"பன்ரண்டு மணிக்கு. விட்டால் விழுந்திடும் எண்டு பிடிச்சுக்கொண்டிருக்கிறன். போன் அங்காலை கிடக்கு."

மூன்றரை மணித்தியாலம், எரிகிற காலோடு! பாவம் என்றுதான் முதலில் தோன்றியது. அதன் பின்னால், பூட்டி வைத்திருந்த கோபம் எல்லாம் ஒன்றாக எழும்பியது.

"ஒருநாள் பொறுக்கேலாதே உங்களுக்கு? நாளைக்கு எண்டு சொன்னனான்தானே! அதுக்கு நோகக் கூடாது, அதை மெல்லப் பிடிக்கோணும். எனக்கு? நானும் வளைஞ்சு வளைஞ்சுதானே நிக்கிறன். எப்ப முறிவன் எண்டு ஒருக்கால் எண்டாலும் பாத்தனீங்களே? எனக்கு நித்திரை வேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம், நித்திரைதான் வேணும்!"

சொல்லிவிட்டு அவளும் நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகை வந்தது. பேரின்பநாதன் தண்டைப் பிடித்த கையை விடவில்லை.

அழுது முடித்துவிட்டுத் தண்டைப் பார்த்தாள். முழுதாக அறவில்லை. ஒரு பக்கத்துத் தோல் பிடித்திருந்தது. இலையும் இன்னும் சோரவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு இரண்டை முறித்து வந்து முறிவின் இரு பக்கமும் வைத்தாள். கட்ட நாடா போதாது, ஒட்டுகிற துணி வேண்டும். மேலங்கிக் கையைச் சுருட்டி, தன் வலது மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டியை உரித்தாள்.

மணிக்கட்டு இரண்டு மடங்காக வீங்கி, ஓரம் நீலம் பாரித்திருந்தது.

"என்ன இது?"

"பெட்டி தூக்கிறது. ஆட்டாமல் பிடியுங்கோ."

"எப்ப தொடக்கம்?"

"மாசி தொடக்கம்."

ஆவணி நடந்துகொண்டிருந்தது. அந்தக் கையால்தான் அவள் நாடா கட்டினாள், வடை தட்டினாள், அவர் காலை நீவிவிட்டாள். அவர் தினமும் பார்த்த கை. செடியில் ஓர் இலை மஞ்சளானால் காலையிலேயே கண்டுபிடிக்கிற கண் அவருடையது. யோகராணி முறிவைச் சுற்றி இறுக்காமல் ஒட்டினாள்.

"இனிக் கையை எடுங்கோ."

அவர் பயந்து பயந்து எடுத்தார். செடி நின்றது. பிழைக்குமா என்பது ஒரு கிழமை போனால்தான் தெரியும்.

"அஞ்சு மணிக்குக் கணேசலிங்கம் ஆக்கள் வருகினம்," என்றாள். "வடைக்கு ஊறப் போடவும் இல்லை. பத்து நிமிசம் படுத்திட்டு எழும்புறன்."

நிருஷாவின் பழைய கட்டிலில் சாய்ந்தாள். சாய்ந்தது மட்டும்தான் தெரியும்.

மணி அடித்தது. எங்கோ கிணற்றுக்கு மேலே அடிப்பதுபோலக் கேட்டது. கதவைப் பூட்ட வேண்டும், சாம்பிராணி, தேநீர்க் கேத்தல். காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டாள். அது அவள் காலாகவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போகிற அவருடைய காலடிச் சத்தம் கேட்டது. வாசல் கதவு திறந்தது.

"என்ன அண்ணை, கையெல்லாம் மண்?" கணேசலிங்கத்தின் குரல்.

"செடி கட்டினனான்."

"என்ன செடி?"

தக்காளி என்பார், யோகராணிக்குத் தெரியும். இல்லாவிட்டால் துளசி என்பார்.

"கஞ்சாச் செடி," என்றார் பேரின்பநாதன். "கால் எரிவுக்கு. அனுமதியோடைதான்."

"ஆ..." என்றார் கணேசலிங்கம். பிறகு செருப்பைக் கழற்றுகிற சத்தம்.

"கழட்டாதையுங்கோ, தம்பி. யோகராணி நித்திரை கொள்ளுறா. பேந்து ஒருநாளைக்கு வாங்கோ."

"அக்காவுக்குச் சுகமில்லையே? நாங்கள் சத்தம் போடாமல் இருப்பம், அண்ணை," என்றாள் சிவநேசம்.

"இல்லைப் பிள்ளை. அவ நித்திரை. அவ்வளவுதான்."

பழப் பை கைமாறுகிற சரசரப்புக் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. தேநீர் வைக்க எழும்ப வேண்டாம் என்பது யோகராணிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் வெளியே கிடந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.