தப்பிக்கும் பகடை

மகனைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஞாயிறு மதியம் நார்மன் பொம்மை டாங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தின் ராதர்ஹாம் தேவாலயக் கூடத்துக்கு வந்துவிட்டான். வழக்கமாக அங்கே அவனோடு பொம்மைப் போர் ஆடும் கிளைவ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா முழிக்கிற? மேசையப் போடு," என்றான் நார்மன்.

"வீட்ல லிண்டா தனியாவா இருக்கா?" என்று அவன் மனைவியைப் பற்றிக் கேட்டான் கிளைவ்.

"அவ தங்கச்சி வந்திருக்கா. நீ ரஷ்யன், நான் நம்ம படை. சீக்கிரம் அடுக்கு."

பச்சைத் துணிமேல் பாசியால் செய்த குட்டி மரங்களையும் அட்டை வீடுகளையும் அடுக்கினார்கள். கட்டைவிரல் அளவு டாங்கிகளை நார்மன் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். அவன் மகன் ரீஸ் ராணுவத்தில் டாங்கி ஓட்டுநர். வெளிநாட்டுப் பயிற்சி மைதானத்தில் அவன் டாங்கி கவிழ்ந்து, தண்ணீர் நின்ற பள்ளத்தில் தலைகீழாய்க் கிடந்தது. மற்றவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஓட்டுநர் வெளியேறும் மூடி மட்டும் சேற்றில் புதைந்துபோயிருந்தது.

ஆட்டம் அமைதியாகத்தான் போனது. பாலத்தருகே நார்மனின் டாங்கியைக் குறிவைத்து கிளைவ் பகடை உருட்டினான். சரியான அடி. டாங்கி அழிந்தது. விதிப்படி, உள்ளே இருப்பவர்கள் தப்பினார்களா என்று நார்மன் இன்னொரு பகடை உருட்ட வேண்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் தப்பித்தார்கள்.

"அது வேணாம்டா, விடு," என்றான் கிளைவ்.

நார்மன் உருட்டினான். இரண்டு. யாரையும் பார்க்காமல் பகடையை எடுத்து மறுபடி உருட்டினான். ஒன்று. மறுபடியும். மூன்று.

பக்கத்து மேசை ஹோவர்ட் எட்டிப் பார்த்தான். "ஏப்பா, ஒரு தடவதானே..."

"உன் வேலையப் பாருய்யா," என்று கிளைவ் சீறினான். பிறகு குரலைத் தணித்தான். "நீ உருட்டுடா."

இந்த முறை பகடை ஓர் அட்டை வீட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. கிளைவின் பக்கம். நாலு.

"அஞ்சு. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க," என்று சொல்லிக் கிளைவ் பகடையை எடுக்கக் கை நீட்டினான்.

நார்மன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தான்.

"நாலுடா."

"நார்மன்..."

"சவப்பெட்டிய மூடியே கொடுத்தானுங்க. தூங்குற மாதிரிதான் போயிருப்பான்னு பாதிரியார் சொன்னாரு. ஆளாளுக்கு வந்து ஒரு பொய் சொல்லிட்டுப் போறாங்க. நீயாவது சொல்லாத."

கிளைவ் கையை இழுத்துக்கொண்டான். "நாலுதான்," என்றான்.

நார்மன் டாங்கியை மேசையிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்தான். மூக்கைப் புறங்கையால் துடைத்தான்.

"உன் முறை இன்னும் முடியல. சுடு."

கிளைவ் சுட்டான். கூட்டம் கலைந்து, ஹோவர்ட் விளக்குகளை அணைக்க வரும்வரை இருவரும் ஆடினார்கள். நார்மன் தோற்றான். பெட்டியை மூடியபின் அவன் எழுந்திருக்கவில்லை. கிளைவ் தன் நாற்காலியை இழுத்துவந்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.