பக்கத்துக் கதிரை

விரதம் பிடிக்கிறவளுக்கு இறைச்சி லசானியாவுக்குச் சீஸ் தூவுகிற வேலை கிடைத்தால் எப்படி இருக்கும் என்று என்னைத்தான் கேட்கவேண்டும். கந்த சஷ்டி ஐந்தாம் நாள். ஸ்மித்ஃபீல்டில் இருக்கிற எங்கள் சாப்பாட்டுத் தொழிற்சாலையில் தட்டுகள் ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நிற்கிறேன். கை முழுக்க இறைச்சியும் கொழுப்புமாக மச்சம், வாய் மட்டும் சைவம். அந்த வாய்க்கும் காலையிலிருந்து தண்ணீர்தான். பின்னேரம் டூங்கபியில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு தம்ளர் பால். கிறிஸ்மஸ் ஓடர் வந்துவிட்டதென்று பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். ரீ குடிக்க விடுகிற பிறேக் நேரம் வந்தது, போனது, பெல்ட் மட்டும் நிற்கவில்லை. கால் இரண்டும் மரத்துப்போய்விட்டன. முருகா, என்னைச் சோதிக்க உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று மனதுக்குள் பேசியதுதான் கடைசியாக ஞாபகம்.

கண்ணைத் திறந்தால் என் தலை ஃபாங் அக்காவின் மடியில் இருந்தது. தட்டுகளுக்கு மூடி ஒட்டுகிற சூட்டு மெசினின் பக்கமாகத்தான் நான் சரிந்தேனாம். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் என் முகத்துக்கும் மூடி ஒட்டியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் நின்ற ஃபாங் அக்கா ஓடிவந்து அவசரத்துக்கு இழுக்கிற சிவப்புக் கயிற்றை இழுத்து முழு பெல்ட்டையும் நிற்பாட்டிவிட்டார். அதோடு விட்டிருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு முகம் துடைத்து, தண்ணீர் பருக்கி, சுவரோடு சாய்த்து இருத்திவிட்டு எழும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“எல்லாரும் போய் ரீ குடியுங்கோ. குடிச்சிட்டு வந்தாப் பிறகுதான் இனி இது ஓடும்.”

இதை அவர் இங்கிலிசில்தான் சொன்னார். ஆனால் அவருடைய இங்கிலிசும் என்னுடைய இங்கிலிசும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். ஆகவே அவர் பேசுவதெல்லாம் எனக்குள் என் தமிழாகத்தான் இறங்கும், அப்படியே சொல்கிறேன். அவருடைய பெயர் மெய்ஃபாங். ஐம்பத்தைந்து வயதிருக்கும், என் தோள் உயரம்தான். எங்கள் தொழிற்சாலைக்கு யூனியன் பிரதிநிதி அவர்தான். சீனாவில் சப்பாத்துத் தொழிற்சாலையில் பசை பூசுகிற பகுதியில் வேலை செய்திருக்கிறார். பசை மணத்தில் பெண்பிள்ளைகள் சுருண்டு சுருண்டு விழ, ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டாராம். திறக்கவில்லை என்றதும் ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிக்கொண்டு முற்றத்தில் போய் இருந்துவிட்டார். அதற்குச் சிறை. ஜன்னலைத் திறக்கச் சொன்னதற்குச் சிறைக்குப் போன மனுசியை நான் வேறு எங்கேயும் காணவில்லை.

நான் விரதம் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாளே என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “நீ சாப்பிடேல்லை. யாரோட சண்டை?” என்று கேட்டார்.

“சண்டை இல்லை அக்கா. சாமிக்கு.”

“சாமியிட்ட என்ன கேட்டிருக்கிறாய்?”

“விசா.”

“அப்ப சண்டைதான்” என்றார். தானும் சிறையில் சாப்பிடாமல் இருந்ததாகச் சொன்னார். கூட இருந்த ஒருத்திக்கு மருந்து கேட்டு. கொடுத்தார்களா என்று கேட்டேன். “கடைசியாக் குடுத்தவங்கள். அதுக்கு முதல் என்ர மூக்குக்கால குழாய் விட்டுக் கஞ்சி ஊத்திப் பாத்தவங்கள். உன்ர சாமி அப்பிடிச் செய்யாதுதானே?” என்று சொல்லி, தன்னுடைய பகிடிக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து பிறேக்கில் அவர் என் கண் முன்னால் சாப்பிடுவதையும் விட்டுவிட்டார், மூலையில் திரும்பி இருந்து சாப்பிடுவார்.

பெல்ட்டை நிற்பாட்டிய அன்றே, வேலை முடிகிற நேரத்தில் ஃபாங் அக்காவுக்கு அறிவித்தார்கள். நாளைக் காலை மனிதவளப் பகுதியில் விசாரணை. அவசரக் கயிற்றை அரசியலுக்குப் பாவித்ததாகக் குற்றச்சாட்டு. ஏற்கனவே அவருக்கு எச்சரிக்கை கொடுத்தாயிற்று, இந்த முறை வேலை போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் போனால் அந்தக் கட்டடத்தில் எங்களுக்காக வாய் திறக்க ஒரு குருவியும் இல்லை. கார் பார்க்கில் என்னைக் கண்டதும் கேட்டார். “துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரலாமாம். நீ வாறியா?”

நானா? மற்றவர்களுக்கெல்லாம் துணைக்குப் போகிறவர் அவர். எத்தனை பேருக்குப் பக்கத்தில் இருந்திருப்பார். யூனியன் ஒபிசிலிருந்து படித்த ஆளை அனுப்பமாட்டார்களா என்று கேட்டேன். அனுப்புவார்களாம், இவர்தான் வேண்டாம் என்றுவிட்டாராம்.

“அங்க, சீனாவில, என்னை விசாரிக்கேக்க மேசைக்கு அந்தப் பக்கம் நிறையப் பேர். இந்தப் பக்கம் நான் தனிய. அடியெல்லாம் மறந்துபோச்சு. பக்கத்தில ஆள் இல்லாததுதான் மறக்கேல்லை” என்றார். “படிச்ச ஆள் வேண்டாம். என்னோட நிண்டு வேலை செய்யிற ஆள் வேணும். பயமெண்டால் வேண்டாம், நான் கோவிக்கமாட்டன்.”

பயம்தான். பயமில்லாமலா? யூனியனோடு நின்றால் அதற்காக ஒருவரும் என் விசாவில் கைவைக்க முடியாது என்று அவர் எத்தனையோ தரம் விளங்கப்படுத்தியிருக்கிறார். விளங்குகிறது தலைக்கு. வயிற்றுக்கு விளங்கவேண்டுமே. வீட்டில் என் மனுசன் தவத்திடம் சொன்னேன். தவம் படகில் அகதியாக வந்தவர். இந்த நாட்டில் ஒரு கடிதப் பெட்டி திறக்கிற சத்தத்துக்கும் திடுக்கிடுகிறவர். வேண்டாம் என்று கத்துவார் என்று நினைத்தேன். அவர் குசினியில் எனக்குப் பால் சூடாக்கிக்கொண்டு நின்றார். பாலை ஆற்றி என் கையில் தந்தார்.

“போ. போய் அவவுக்குப் பக்கத்தில இரு. ஆனா வாயைத் திறந்திடாத. உன்ர வாய் எனக்குத் தெரியும்” என்றார்.

காலையில் தவமே கொண்டுபோய் இறக்கிவிட்டார். ஆறாம் நாள், சூரன் போர். பின்னேரம் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போகவேண்டும். அதற்குள் இந்தப் போர். வாசலில் எங்கள் மேற்பார்வையாளர் வாசுதேவன் நின்றார். கோயம்புத்தூர்க்காரர், கெட்ட மனிதர் இல்லை, மேலிடத்துக்குப் பயந்த மனிதர்.

“அக்கா, நேத்தே உங்க நல்லதுக்காக ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். நீங்க சஷ்டி விரதம்னு ஹெச்.ஆர்ல சொல்லிட்டேன். எங்கம்மாவும் இருப்பாங்க, மூஞ்சியப் பார்த்தாலே தெரியுமே. மத விஷயம்னா இவங்க பயப்படுவாங்க. பெருசு பண்ணாம விட்ருவாங்க.”

அட முருகா. விரதம் என்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கி நிற்க இது என்ன பழனியா? விரதக்காரியை ஒருவரும் நோகடிக்கமாட்டார்கள் என்று நம்புகிறதற்கு ஒரு தமிழனால் மட்டும்தான் முடியும். வாசுதேவனுடைய முகத்தைப் பார்த்தால் ஏசவும் மனம் வரவில்லை. பாவி மனிதர், உண்மையாகவே நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு நின்றார்.

அறையில் கெய்லி இருந்தாள், மனிதவளத்துக்குப் பொறுப்பானவள், பளிச்சென்று சிரிக்கிற பிள்ளை. மேசைக்கு முன்னால் ஒரு கதிரை ஃபாங் அக்காவுக்கு. பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி, இன்னொன்று எனக்கு. தொடங்கும்போதே என்னைப் பார்த்துச் சட்டம் சொன்னாள். துணைக்கு வந்த ஆள் துணைக்கு மட்டும்தானாம். அவருக்காகப் பேசக்கூடாதாம். நல்லது, தவமும் அதைத்தானே சொல்லிவிட்டார் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

ஃபாங் அக்கா பேசினார். பிறேக் கொடுக்கவில்லை, மனுசி மயங்கி விழுந்தாள், அதனால் நிற்பாட்டினேன். நான் விரதம் என்று ஒரு சொல் அவர் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே சொல்லவில்லை. தன்னுடைய வேலை கயிற்றில் தொங்குகிற நேரத்திலும் என்னை மூடிக்காத்துக்கொண்டு இருந்தார்.

கெய்லி சிரித்துக்கொண்டே கேட்டாள். உங்கள் தோழி மதக் காரணத்தால் பட்டினி கிடந்தார் என்று எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது. ஆகவே மயக்கத்துக்குக் காரணம் பிறேக் இல்லைதானே? பிறேக் கொடுத்திருந்தாலும் அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார்தானே? அப்படியென்றால் பெல்ட்டை அவ்வளவு நேரம் நிற்பாட்டி வைத்ததற்கு என்ன நியாயம்?

ஃபாங் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொன்னாலும் பழி என் தலையில் விழும், அதுதான் யோசிக்கிறார் என்று எனக்கு விளங்கியது. என் வாயும் என் பேச்சைக் கேட்கவில்லை.

“இல்லை” என்றேன்.

கெய்லி கையை உயர்த்தினாள். துணைக்கு வந்தவர் பேசக்கூடாது, ஏற்கனவே சொல்லிவிட்டேன். மறுபடி பேசினால் வெளியே போகவேண்டி வரும்.

அப்போது ஃபாங் அக்கா எழும்பினார். நான் வெளிநடப்பு என்று நினைத்து நானும் எழும்பினேன். அவர் என் தோளைப் பிடித்துத் தன் கதிரையில் இருத்தினார். என் கதிரையில் தான் போய் இருந்தார். கெய்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை, எனக்கும்தான்.

“கேள்வி எல்லாம் அவளைப் பற்றித்தானே. அவளையே கேளுங்கோ. அவளுக்குத் துணைக்கு நான் இருக்கிறன்” என்றார்.

இது முறையில்லை என்று கெய்லி ஏதோ தொடங்கினாள். நான் விடவில்லை. விட்டால் இனி என் வாழ்நாளில் அந்தக் கதிரையில் இருக்கமாட்டேன் என்று தெரிந்தது. என் நொண்டி இங்கிலிசை எழுப்பி நடக்கவிட்டேன்.

“ஓம், நான் விரதம். அது நான் பிடிச்சது. அது எனக்கும் என்ர சாமிக்கும். பிறேக் நீங்கள் தராமல் விட்டது. அது எனக்கும் உங்களுக்கும். ரெண்டையும் போட்டுக் குழப்பாதையுங்கோ. பிறேக் தந்திருந்தால் நான் சாப்பிட்டிருக்கமாட்டன்தான். இருந்திருப்பன். காலை நீட்டிக்கொண்டு இருந்திருப்பன். கண்ணை மூடியிருப்பன். சுவரைப் பாத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தாலும் அது என்ர நேரம். விழுந்திருக்கமாட்டன்.”

சொல்லி முடித்தேன். குரல் ஆடவில்லை. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது, சொன்னால் என்ன, பெருமையாக இருந்தது. ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து எத்தனை மேசைகளுக்கு முன்னால் இருந்திருக்கிறேன், எல்லாவற்றிலும் கெஞ்சியிருக்கிறேன். இந்த மேசையில் கெஞ்சவில்லை.

கெய்லியின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. பேனாவை எடுத்தாள், வைத்தாள். ஃபாங் அக்காவின் பக்கம் திரும்பி, இதைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

சீனாவின் அரசாங்கத்தாலும் மூட முடியாத வாய் அது. இப்போது துணைக்கு வந்த ஆள் ஃபாங் அக்கா, அதைத் திறக்கவில்லை. பின்தள்ளிப் போட்டிருந்த அந்தக் கதிரையில், கையை மடியில் கோர்த்து வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக, நாடியை நிமிர்த்தி என்னைக் காட்டினார்.