ஆறுக்குப் பின் ஐந்து

புத்தகம் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. நேரில் பேசினால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் எழுதுகிறார்கள் என்பது என் கணிப்பு. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மருமகள் கல்லூரியில் சினிமாவைப் பாடமாக நடத்துகிறவள். சினிமாவுக்குப் பாடமா என்று முதலில் கேட்டபோது எனக்குப் புரையேறியது. முப்பத்திரண்டு வருஷம் தியேட்டரில் படம் ஓட்டினவன் நான். என்னிடம் ஒருவனும் வந்து பாடம் கேட்டதில்லை.

அவள் மேஜையில் ஏழு புத்தகங்கள் இருக்கும். ஏழும் ஒரே ஆளைப் பற்றி. அந்த இயக்குநர் எடுத்தது மொத்தம் நாலே படம். நாலு படத்துக்கு ஏழு புத்தகம். "ஆள் அரை முழம், நிழல் ஆறு முழம்" என்று நான் கேலி செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே எட்டாவதை எழுதிக்கொண்டிருந்தாள். அந்த எட்டாவது வெளிவந்தால்தான் கல்லூரியில் அவள் வேலை நிரந்தரமாகும். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இது நடந்தது சனிக்கிழமை காலையில்.

"மாமா, ஒரு நிமிஷம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். "இது என்னன்னு சொல்லுங்க. நீங்க ஆபரேட்டரா இருந்தவர்தானே."

ஏழில் ஒன்றைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். பிலிமில் ஒரு கட்டத்தைப் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். மழையில் ஒரு கதவு. வலது மேல் மூலையில் மூன்று கீறல். இரண்டு நேராக, ஒன்று குறுக்கே.

"இதைப் பத்தி மட்டும் எங்க துறைத் தலைவர் பதினோரு பக்கம் எழுதியிருக்கார். மூணாவது புத்தகம் அவரோடதுதான். இது இயக்குநர் வேணும்னே போட்ட அடையாளமாம். பூட்டின வாசலாம். எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். சந்தேகமே இல்லை. அந்தக் கீறல் என்னுடையது.

ஒரு மிஷினில் பிலிம் சுற்றின ஸ்பூல் முடியப் போகும்போது அடுத்த மிஷினைக் கிளப்ப வேண்டும். எப்போது என்று தெரிய மூலையில் ஒரு அடையாளம் இருக்கும். கம்பெனி போட்டு அனுப்பும் புள்ளியை நான் நம்ப மாட்டேன். பாதி பிரிண்டில் அழிந்திருக்கும். ஆணியால் நானே கீறிவிடுவேன். இரண்டு நேராக, ஒன்று குறுக்கே. வேறெந்த ஆபரேட்டரும் அப்படிக் கீறியதில்லை.

"பூட்டின வாசலும் இல்லை, திறந்த வாசலும் இல்லை" என்றேன். "நான் ஆணியால கீறினதும்மா."

அவள் முதலில் சிரித்தாள். துறைத் தலைவரை நினைத்துத்தான் சிரித்திருப்பாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப இந்த பிரிண்ட் உங்க தியேட்டர்ல ஓடினதா? உலகத்துலயே இந்தப் படத்துக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒரு பிரிண்ட்தான் மாமா. எங்கேயோ ஒரு பழைய தியேட்டர் கிடங்குல கிடைச்சதுன்னு போட்டிருக்காங்க."

படம் நினைவுக்கு வந்தது. நாலு நாள் ஓடியது. ஈ ஓட்டினோம் என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டியைத் திருப்பி எடுத்துப் போகக்கூட விநியோகஸ்தர் ஆள் அனுப்பவில்லை. முதலாளி கிடங்கில் தூக்கிப் போட்டார்.

"வெளங்காத படம்மா. செத்தவன் பாதியில எந்திரிச்சு வருவான்."

"அதுதான் மாமா விஷயமே" என்று அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "மகன் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போறான். அப்பா இறந்துடறார், எடுத்துட்டுப் போயிடறாங்க. அதுக்கப்புறம் அதே அப்பா மழையில வந்து கதவைத் தட்டறார். அம்மா திறக்கறா. 'அவன் வந்தா திட்டாதே'ங்கறார். கடைசியில மகன் வரான். அம்மா ஒரு வார்த்தை பேசாம ஒதுங்கி வழி விடறா. அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு ஏழு பேரும் எழுதறாங்க. நான் அதுக்கு மேல ஒருபடி போறேன். சாகும்போது அப்பா கையில கட்டு இருக்கு. திரும்பி வரும்போது அதே கையில ரத்தம் சொட்டுது. முதல்ல கட்டு, அப்புறம் காயம். காலத்தையே அவர் திருப்பிப் போட்டுட்டார் மாமா. நாற்பது பக்கம் எழுதியிருக்கேன்."

கேட்டுக்கொண்டே இருந்தேன். கட்டு முதலில், காயம் பிறகு என்று அவள் சொன்ன இடத்தில் அந்தப் படத்தை ஓட்டின வாரம் கண் முன்னால் வந்தது.

அந்த வாரம் இரண்டு மிஷினில் ஒன்று மக்கர். மாற்றி மாற்றி ஓட்டினால் நடுவில் நின்றுபோகும். அதனால் இரண்டிரண்டு ரீலை ஒட்டிப் பெரிய ஸ்பூலில் சுற்றிவிட்டேன். ஒவ்வொரு ரீலின் தலையிலும் எண் எழுதின வெறும் பிலிம் கொஞ்சம் இருக்கும். இந்தப் படத்துக்கு முந்தைய தியேட்டர்க்காரன் அதையெல்லாம் பிய்த்து எறிந்திருந்தான். எண் இருந்தது தகர டப்பா மூடியில் மட்டும். பெற்ற பிள்ளை மீதி சில்லறை கொடுத்தாலே இரண்டு தடவை எண்ணுகிறவன் நான். அன்றைக்கு மூடியை நம்பினேன். மூடி இடம் மாறியிருக்கலாம் என்று தோன்றவே இல்லை. ஓட்டும்போது கதை புரியவில்லை. படித்தவன் எடுத்த படம், இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"அம்மாடி" என்றேன். "அந்த ஆள் எதையும் திருப்பிப் போடலை. நான்தான் திருப்பிப் போட்டேன். ஆறாவது ரீலை முன்னால ஒட்டிட்டேன். அஞ்சு பின்னால போயிடுச்சு."

அவள் என்னையே பார்த்தாள். அறைந்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

"விளையாடாதீங்க மாமா."

"நான் என்னைக்கும்மா விளையாடியிருக்கேன்?"

அந்தப் பிரிண்டைப் பாதுகாக்கிற காப்பகத்துக்குப் போன் போட்டாள். இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினாள். அங்கே ஒரு டெக்னீஷியன் எடுத்தான். மூன்றாவது ஸ்பூலில் இரண்டு ரீலும் சேர்கிற ஒட்டைப் பார்க்கச் சொல்லு என்றேன். எல்லோரும் பிலிமை ஒரு கோடு சுரண்டிப் பசை போடுவார்கள். நான் இரண்டு கோடு சுரண்டுவேன். பசையையும் நம்ப மாட்டேன்.

அவன் பார்த்துவிட்டு வந்தான். "ஆமா மேடம், ஒட்டு அகலமா இருக்கு. இப்படி ஒட்டு நான் பார்த்ததே இல்லை."

"ஓரத்துல என்ன எண் அச்சாகியிருக்கு? பல்சக்கர ஓட்டைக்கு வெளிப்பக்கம் பொடிசா இருக்கும். ஒட்டுக்கு முன்னால எது, பின்னால எதுன்னு பார்க்கச் சொல்லு." அந்த ஓரம் திரையில் விழாது. ஓட்டுகிறவன்தான் விளக்கடியில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஐந்து நிமிஷம் ஆளைக் காணோம். அவள் போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்… முன்னால ஆறு இருக்கு. பின்னால அஞ்சு." அவன் குரலும் இறங்கிப் போயிருந்தது. "நாங்க கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது படத்தை மட்டும்தான் ஏத்தினோம். ஓரத்தை யாரும் பார்க்கலை."

ஏழு புத்தகம். ஒருவன்கூட ஓரத்தைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லித் திட்ட வாய் வரை வந்தது. நானும்தானே பார்க்கவில்லை என்று விழுங்கிக்கொண்டேன்.

மத்தியானம் மகன் வந்தான். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிறவன். வீடு இருந்த இருப்பைப் பார்த்து யாருக்கு என்ன ஆச்சு என்றான். சொன்னோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றான்.

"அப்பா, உங்களை யார் வாயைத் திறக்கச் சொன்னா? இத்தனை வருஷம் யாருக்கும் தெரியலை. இன்னும் ரெண்டு மாசம் தெரியாமப் போனா யாருக்கு என்ன குடி முழுகிடும்? அவ வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்ல."

"நீ ரத்தத்தை மாத்தி எழுதிட்டு ரெண்டு மாசம் கழிச்சு மெதுவா சொல்லுவியா?" என்று கேட்டாள் அவள்.

"அது உயிர். இது சினிமா."

"ஒன்பது வருஷமா இந்தச் சினிமாவுக்காகத்தான் நான் உழைக்கறேன்" என்றாள். அவன் போய்ச் செருப்பைக் கழற்றினான். அவன் சொன்னதுதான் எனக்கும் பிடித்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

அவள் கம்ப்யூட்டரில் படத்தை வெட்டி, ஐந்தை முன்னால் போட்டாள். அரை நிமிஷ வேலை. நான் பண்ணின கோளாறைச் சரிசெய்ய அரை நிமிஷம்தான் ஆயிற்று. மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அப்பா மகனைத் தேடிப் போய், கையைக் கிழித்துக்கொண்டு, மழையில் வந்து கதவைத் தட்டுகிறார். அவன் வந்தால் திட்டாதே என்கிறார். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு படுக்கிறார். சாகிறார். மகன் வருகிறான். அந்தம்மா கதவைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கி நிற்கிறாள். சாகப்போகிறவர் கேட்டுக்கொண்டதை மனசில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான். அந்தம்மாவுக்குப் பைத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை.

மகன் மூக்கை உறிஞ்சினான். சளி என்றான்.

"எவ்வளவு நேரான படம்" என்றாள் மருமகள். "குழந்தைக்குக்கூடப் புரியும். நாங்க எல்லாம் சேர்ந்து இதை என்ன பண்ணி வச்சிருக்கோம்."

துறைத் தலைவருக்கு அவளே போன் செய்தாள். சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, "இதையெல்லாம் சொன்னது யாரு?" என்றார்.

"என் மாமனார் சார். அந்தப் படத்தை ஓட்டினவர்."

"அவர் என்ன படிச்சிருக்கார்?"

"அஞ்சுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியற அளவுக்குப் படிச்சிருக்கார் சார்."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அதுதானே தெரியாமல் போனது.

"திங்கட்கிழமை புத்தகம் வரலைன்னா இந்த வருஷப் பட்டியல்ல உங்க பேர் இருக்காது. எனக்குத் தெரியாம செஞ்சுட்டாங்கன்னு நீங்க அப்புறம் சொல்லக்கூடாது" என்று வைத்துவிட்டார்.

அவள் அழவில்லை. நாற்பது பக்கத்தை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தாள். ஏழு புத்தகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். மேலே வந்த புத்தகத்தின் பின்னட்டை என் பக்கம் இருந்தது. அதில் ஒரு போட்டோ. ஒல்லியான ஆள், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாக இருந்தது.

"இது யாரு?"

"இவர்தான் மாமா அவர். இயக்குநர்."

நான் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்தேன். இத்தனை நாள் அந்த மேஜையைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு நாளும் ஒரு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்று மகன் எழுந்தான்.

"இந்தப் படம் ஓடி முடிஞ்சப்புறம் அந்த ஆள் என்ன பண்ணினார்?" என்றேன்.

"அதுக்கப்புறம் எடுக்கவே இல்லை மாமா. இதுதான் கடைசிப் படம். நாற்பது வயசுகூட ஆகலை. ஏன் நிறுத்தினார்னு யாருக்கும் தெரியாது. தானா தேர்ந்தெடுத்துக்கிட்ட மௌனம்னு எழுதியிருக்காங்க. எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டாராம்." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் கேக்கறீங்க?"

சொல்லாமல் இருந்துவிடலாம். ரீல் மாறியதற்கு ஓரத்தில் எண் இருந்தது. இதற்கு எந்த ஓரத்திலும் எண் இல்லை. என்னைத் தவிரச் சாட்சி கிடையாது.

"மூணாவது நாள் பகல் காட்சி" என்றேன். "கீழே பதினோரு பேர். நல்ல மழை. இதே வெட்டுப் புருவத்தோட ஒருத்தர் இரும்புப் படியேறி ஆபரேட்டர் ரூம் வரைக்கும் வந்துட்டார். ரீலை ஒரு தடவை பார்க்கலாமான்னு கேட்டார். பிலிம் துண்டு திருட வந்தவன்னு நினைச்சேன். வெளியாள் வரக்கூடாது, கீழ போய் உட்கார்ந்து படத்தைப் பாருய்யான்னேன். பார்த்துட்டுத்தான் வரேன்னார். நான்…"

"நீங்க?"

இதை நான் எத்தனையோ பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், இதோ இந்த மகனிடமே பத்துத் தடவை. யாரோ ஒரு கிறுக்கன் என்றுதான் சொல்லுவேன். மகனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

"படம் புரியலைன்னா நான் என்ன பண்றது, எடுத்தவனைப் போய்க் கேளுன்னு சொன்னேன்."

மருமகள் அந்தப் போட்டோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பார்த்தார். அப்புறம் இறங்கிப் போயிட்டார். நான் கதவைச் சாத்திட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு அதுதான் தெரியும். அவள் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"இதையும் எழுதணும் மாமா. ஊரே உங்களைத் திட்டும்."

"எழுது."

"நிதானமா யோசிச்சு, உள்ளதை மட்டும் சொல்லுங்க. அவர் எந்தப் படியில நின்னுக்கிட்டிருந்தார்?"

கண்ணை மூடிப் பார்த்தேன். நாற்பத்தொரு வருஷம். ஆனால் படி அப்படியே இருந்தது.

"மேலேயிருந்து ரெண்டாவது படி" என்றேன். "கைப்பிடியைப் பிடிக்கலை. கையில குடை இருந்துச்சு. மடக்கின குடை. தண்ணி சொட்டிக்கிட்டிருந்துச்சு."

அவள் எழுதிக்கொண்டாள்.